ஆறில் ஒரு வளையல்

மகளே, மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வந்து அம்மாவின் பீரோவைத் திறந்தீர்கள். எந்தப் புடவையை யாருக்குக் கொடுப்பது என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மகள் வெளியே வந்து, "அத்தா, வளையல் அஞ்சுதான் இருக்கு" என்றாள். மகன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். "ஒண்ண வித்துட்டேன்மா" என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. மகள் டீ போடப் போய்விட்டாள். கேட்டிருந்தாலும் அன்றைக்கு என் வாயில் வார்த்தை வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைதான் படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் வலியால்தான் அம்மா மக்காவுக்கு உம்ரா போகவில்லை என்று உங்களிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லி வந்தேன். கால் வலி இருந்தது உண்மைதான். ஆனால் அது பின்னால் வந்தது. அவள் என்னிடம் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் நான்தான் பொறு என்றேன். நாட்டின் தங்கத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நாட்டுக்குப் பெரிய பணக் கஷ்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து பெட்ரோல் வாங்கக்கூட டாலர் இல்லை. அப்போது நாட்டின் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். எங்கள் சமூக அறிவியல் வாத்தியார் வகுப்பில் இதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார், வீட்டு ரகசியம் சொல்வதுபோல. நாட்டின் தங்கம் என்றால் கட்டி கட்டியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு விமானம் நிறைய வளையலும் செயினும் கம்மலும் போகிறது என்றுதான் நினைத்தேன். யாரோ பொம்பளைகள் கையிலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு மனதில் ஒன்று விழுந்துவிட்டது. என் வீட்டிலிருந்து ஒரு குந்துமணி தங்கமும் வெளியே போகக் கூடாது.

கல்யாணத்தின்போது உங்கள் அம்மா ஆறு வளையலோடு வந்தாள். ஒவ்வொன்றும் ஒன்றரைப் பவுன். அன்றைக்கு ஒரு பவுன் வாங்கிய காசுக்கு இன்றைக்கு ஒரு கிராம்கூட வராது. இரண்டைக் கையில் போட்டுக்கொண்டாள், நாலை எடுத்து வைத்தாள்.

முடிச்சூரில் வெள்ளம் வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளைகள். நாம் கீழ் வீட்டில் குடியிருந்தோம். மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடையில் இரண்டு தையல் மிஷினும் தண்ணீரில் முழுகி, மோட்டார் போய்விட்டது. வண்டி சீட் கவர் தைக்க வைத்திருந்த ரெக்சின் சுருள்கள் சேற்றில் ஊறிக் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா ஒரு வளையலைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"இத வித்துட்டு மிஷின் வாங்குங்க. கை இருந்தா வளையல் அப்புறம் வாங்கிக்கலாம்."

நான் வாங்கவில்லை. பழைய மிஷினையே பிரித்து, துடைத்து, மோட்டாரை எடுத்துவிட்டு, காலால் மிதித்துத் தைத்தேன். எட்டு மாதம் மிதித்தேன். அந்த வளையலைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

அதற்குப் பிறகுதான் பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்க்க ஆரம்பித்தேன். கடைக்குப் பக்கத்து டீக்கடையில் சனிக்கிழமை பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் போடுவார்கள். நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இவ்வளவு, அதில் தங்கத்தின் மதிப்பு இவ்வளவு, போன வாரத்தைவிட இவ்வளவு கூடியது, இவ்வளவு குறைந்தது. எத்தனை கோடி டாலர் என்பதெல்லாம் எனக்குப் புரியாது. கூடியதா குறைந்ததா என்பது புரியும். ரெக்சினில் அளவு குறிக்கிற சாக்பீஸால் கடைச் சுவரில் எழுதி வைப்பேன். தங்கம் கூடினால் மேலே ஒரு கோடு, குறைந்தால் கீழே ஒரு கோடு.

டீக்கடை வாசலில் ஆட்டோ நிறுத்துகிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து சனிக்கிழமை ஆனால் போதும்.

"இன்னா பாய், இந்த வாரம் நாட்டுக்கு எவ்ளோ ஏறிக்கீது?"

"கூடியிருக்குண்ணா."

"அப்ப நமக்கு ஆளுக்கு ஒரு கம்மலாவது வருமா? கேட்டு சொல்லு பாய். எங்க வூட்ல கேட்டுகினே கீது."

டீக்கடைக்காரர் விடமாட்டார். "அவர கிண்டல் பண்ணாதப்பா, நாளைக்கே டெல்லிலேர்ந்து கூப்டுவாங்க. சீட் கவர் தெச்சிகினே கஜானாவ பாத்துக்குவாரு."

எனக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் கோடு போடுவதை நிறுத்தவில்லை. மேலே போகிற கோடுகள்தான் அதிகம். என் அறிவுக்கு எட்டியது இதுதான்: மதிப்பு கூடுகிறது என்றால் நாடு வாரா வாரம் தங்கம் வாங்குகிறது. ஒரு காலத்தில் விமானத்தில் அனுப்பிய நாடு, இப்போது வாங்கி வாங்கிச் சேர்க்கிறது.

அந்தச் சமயத்தில் உங்கள் பெரியம்மா உம்ரா போய் வந்தார். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு அம்மா பேரீச்சம்பழத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, நாலு வளையல் போதுமாம். அக்கா கணக்குப் போட்டுச் சொன்னா. நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்."

"இப்பவா? நாடே வாங்கிக்கிட்டு இருக்குற நேரத்துல நாம விக்கறதா? கொஞ்சம் பொறு. இன்னும் ஏறும்."

"ஏறுமா?"

"பேப்பர்லயே போட்டிருக்கான்."

பேப்பரில் அப்படிப் போடவில்லை. அது நானாகச் சேர்த்தது. அவள் சரி என்றாள். ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்துவிட்டு டப்பாவை மூடினாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

நான் சொன்னபடியே விலை ஏறியது. அதுதான் வினையாகிப்போனது. இறங்கியிருந்தால் பயந்துபோய் விற்றிருப்பேன்.

மகளே, நீ பி.காம். சேர்ந்த வருஷம் ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்து என்ன என்று கேட்டாய். நான் பெருமையாகச் சொன்னேன். நீ கேரியரைக் கீழே வைத்துவிட்டு நின்றாய்.

"அத்தா, இது எடை இல்ல. மதிப்பு. தங்கம் வெல ஏறினா, அவங்க ஒண்ணும் வாங்காமயே மதிப்பு ஏறும். அப்பப்ப கொஞ்சம் வாங்கவும் செய்றாங்க. ஆனா நீங்க போட்டிருக்குற கோடு முக்காவாசி வெலைதான்."

"அப்ப தங்கம் அதே தங்கம்தானா?"

"அதே தங்கம்தான் அத்தா. உள்ள சும்மாதான் இருக்கு."

நீ சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. வெளியே ஆட்டோக்காரருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், இத்தனை வருஷமாக நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று. அவள் சிரித்துவிட்டாள். "அப்ப அவங்களும் என்ன மாதிரி துணிக்கு அடில சுத்தி வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "இப்ப மூணு வளையல் போதுமாம்" என்றாள். ஏற்கெனவே யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

அப்போதாவது நான் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பு என்று தெரிந்த பிறகு, தப்பையே எனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டேன்.

"பாத்தியா, சும்மா வச்சிருந்தாலே நாட்டுக்கு இவ்ளோ ஏறுது. ஒண்ணுமே செய்ய வேணாம், உக்காந்திருந்தா போதும். நாலு மூணாச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்தா ரெண்டாகும்."

அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள். அப்புறம் சொன்னாள்.

"நாட்டுக்கு முட்டி வலிக்குமா?"

நான் சிரித்தேன். நல்ல தமாஷ் என்று மறுநாள் டீக்கடையில்கூடச் சொன்னேன். ஆட்டோக்காரர், "தங்கச்சி கரெக்டா கேட்டுக்கீது பாய். நீ இன்னா சொன்ன?" என்றார். சிரித்துவிட்டேன் என்றேன். "சொல்லணும் பாய்," என்றார். அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அவள் மூன்றாவது முறை கேட்ட அன்றுதான், வெளிநாட்டில் கிடந்த நாட்டின் தங்கத்தில் ஒரு பங்கை விமானத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எனக்கு அன்று ரொம்ப சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் குத்திய முள்ளை எடுத்த மாதிரி இருந்தது. கூடுவாஞ்சேரியில் மகளின் புது வீட்டுக்கு அன்று போயிருந்தோம். திரும்பி வரும்போது ரயிலில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டலூர் வரைக்கும் நான்தான் பேசினேன். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வாசல் பக்கம் கூட்டம் அதிகமாக இருந்தது.

"தங்கமெல்லாம் பிளேன்ல போயிட்டு பிளேன்ல வருது" என்றாள். "நான்தான் இன்னும் ஏறல."

"ஏறலாம், ஏறலாம்."

"இப்ப ரெண்டு போதும். நீங்க சொன்ன கணக்கு வந்துடுச்சு."

"இவ்ளோ நாள் பொறுத்தாச்சு. ரமலான் கழியட்டும், கூட்டம் குறைஞ்சிருக்கும். உனக்கும் கால் கொஞ்சம் தேறட்டும்."

அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். தாம்பரத்தில் இறங்கி நடைமேம்பாலப் படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் மேலே காத்திருந்தேன்.

ரமலானுக்கு முன்னாலேயே அது நடந்துவிட்டது. காலையில் நெஞ்சு எரிகிறது என்றாள். சோடா வாங்கி வந்தேன். ஆட்டோவில் ஏற்றியபோது அவள் தலை என் தோளில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையை மட்டும் தொட்டுப் பார்த்தார். அதற்கு மேல் உங்களுக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அழுதீர்கள். எனக்கு வரவில்லை. பந்தல் போடுகிறவரிடம் எத்தனை நாற்காலி வேண்டும் என்று சரியாகச் சொன்னேன். கபர் தோண்டுகிறவர்களுக்கு டீ போனதா என்று விசாரித்தேன். எனக்குத் திடமான மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். திடம் இல்லை. காதுக்குள் தண்ணீர் போன மாதிரி எல்லாம் தூரத்தில் கேட்டது. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் கையிலிருந்த இரண்டு வளையலைச் சோப்புப் போட்டுக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார்கள். நான் பீரோவில் மற்ற நாலோடு சேர்த்து வைத்தேன். தனியாக வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவளுக்காக நான் போய் உம்ரா செய்யலாமா என்று. செய்யலாம் என்றார். முதலில் எனக்கு ஒன்று முடிக்க வேண்டும், பிறகு மறுபடி மக்கா எல்லைக்கு வெளியே போய், இஹ்ராம் வெள்ளைத் துணி கட்டி வந்து அவள் பேரில் ஒன்று. அவள் விட்டுப்போன நகையில் கணவனுக்கு நாலில் ஒரு பங்கு என்றும் சொன்னார். ஆறு வளையலில் ஒன்றரை. அந்தப் பங்குக்குள்தான் நான் கை வைத்தேன். மீதி ஐந்தையும் நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வர வேண்டிய அரையையும் சேர்த்தே சொல்கிறேன்.

பீரோவைத் திறந்தேன். ஆறும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்தேன். பழைய பில்லையும் எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். மிஷினில் வைத்துத் தரம் பார்த்தார். தராசில் வைத்தார், பில்லைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார்.

"பாய், பில்லுல பன்னண்டு கிராம் இருக்கு. இது அரை கிராமுக்கு மேல கொறையுது."

"அப்பவே எடை பாத்துதான் வாங்கினது."

"இல்ல பாய், வாங்கினதுல தப்பு இல்ல. இது தேய்மானம். டெய்லி கையில போட்டிருந்த வளையல். பாருங்க, ரெண்டு வளையலும் ஒண்ணோட ஒண்ணு உரசின எடம் இது. பாத்திரம் தேய்க்கறப்ப, துணி தொவைக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா போயிடும்."

விளக்கின் கீழே பிடித்துக் காட்டினார். ஓரம் தட்டையாக, வழவழப்பாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் எடுத்துவந்தது அவள் கையில் கிடந்த இரண்டில் ஒன்று என்று. அதே எடையில் உள்ளே சும்மா இருக்கிற தங்கத்தைத்தான் நான் இத்தனை வருஷமும் சுவரில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இருபத்தைந்து வருஷம் என் பக்கத்தில் இருந்த கை. எனக்கு எது எது என்று அடையாளம் தெரியவில்லை.

"வேற எடுத்துட்டு வரீங்களா பாய்? இத வச்சிக்குங்க. போட்டுக்கிட்டிருந்தது இல்லையா" என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. போக வேண்டியது இதுதான் என்று பட்டிருக்கலாம். திரும்பி வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, அதன் ஜோடியைத் தேடிப் பார்க்கிற தெம்பு இல்லாமலும் இருந்திருக்கலாம். பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒரு ஆள் போய்வர அந்த ஒரு வளையல் போதுமாக இருந்தது. முன்பு இரண்டு பேருக்கு நாலு கேட்டது. அப்புறம் மூன்று. அப்புறம் இரண்டு.

அங்கிருந்து டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, "எத்தன பேரு பாய்?" என்றான்.

"ஒருத்தர்."

"வூட்ல அம்மா வரலியா? ஜோடியா போனா ரூம் ரேட் கம்மியா வரும்."

"இல்லப்பா. ஒருத்தர்தான்."

அவன் எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் பயணம். தேதியை உங்களுக்கு போனில் சொல்கிறேன். வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வந்தால் சந்தோஷம். என்மேல் கோபம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அம்மா கேட்டதை உங்களிடம் மறைத்தது நான்தான். அவளுக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ரொம்ப ஆசை இருந்தது. அதற்காகவே இதை எழுதினேன்.

டிராவல்ஸிலிருந்து வரும் வழியில் இஹ்ராமுக்குத் தைக்காத வெள்ளைத் துணி இரண்டு வாங்கினேன். புதுத் துணி கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து பக்கெட்டில் ஊறவைத்து, அலசி, பிழிந்து, மொட்டை மாடிக்கு எடுத்துப்போனேன். கொடியில் போட்டேன். கிளிப் கொண்டுவர மறந்துவிட்டேன். காற்று அடித்தது. அதனால் இரண்டு துணியின் நுனியையும் ஒவ்வொரு கையில் பிடித்துக்கொண்டு, காயும்வரை வெயிலில் அங்கேயே நின்றேன்.